மேற்கு உக்ரைன் பழைய நகரங்கள்: காரில் செல்லும் வழி குறித்து உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். போர் ஓய்ந்து பாதுகாப்பாகச் செல்லக்கூடிய நிலை வந்ததும், மேற்கு உக்ரைனின் பழைய நகரங்களைக் காரில் சென்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கான திட்டத்தை இப்போதே வகுத்து வருகிறேன். போலந்து எல்லை வழியாக லிவீவ் சென்று, ஷோவ்க்வா, ட்ரோஹோபிச், செர்னிவ்ட்சி வழியாகக் கமியானெட்ஸ்-பொடில்ஸ்கியில் முடிக்கலாம் என்று எண்ணுகிறேன்.

என்னை மிகவும் ஈர்ப்பது கடைசி ஊர்தான். ஸ்மோட்ரிச் ஆறு வளைத்துச் செல்லும் பாறைமேட்டில் அமைந்த அந்தப் பழைய நகரை 1672இல் உதுமானியர் கைப்பற்றி, அங்குள்ள கத்தோலிக்கப் பேராலயத்தை மசூதியாக்கி, அதையொட்டி ஒரு மினாரையும் எழுப்பினர். 1699இல் நகரம் போலந்திடம் திரும்பிய பின்னரும் அந்த மினார் இடிக்கப்படவில்லை. அதன் உச்சியில் இன்று மரியன்னையின் சிலை நிற்கிறது. இப்படியொரு காட்சியை வேறெங்கும் காண்பது அரிது.

ஷோவ்க்வாவிலும் ட்ரோஹோபிச்சிலும் உள்ள மரத் தேவாலயங்கள் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அவற்றின் உட்புற ஓவியங்களைப் பார்க்க முன்கூட்டியே யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா? கார்பாத்திய மலையடிவாரச் சாலைகளில் வாடகைக் கார் ஓட்டியவர்கள், எந்தப் பகுதியில் இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். செர்னிவ்ட்சியில் மருத்துவம் படித்த நம்மவர்கள் இக்குழுவில் இருந்தால், அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.