பழைய ஜீப்பில் முகப்பு விளக்குகள் விட்டுவிட்டு அணைகின்றன

கேள்வி (குளச்சலிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1988ஆம் ஆண்டு பதிவான மகிந்திரா டீசல் ஜீப் ஒன்று உள்ளது. குலசேகரத்துக்கு அப்பால் எங்களுக்குச் சிறிது ரப்பர் தோட்டம் இருப்பதால், பால் வெட்டு நடக்கும் நாள்களில் விடியற்காலை மூன்றரை மணிக்கே வீட்டிலிருந்து புறப்பட்டுத் தக்கலை வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதங்களாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முகப்பு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்து, சில நொடிகளில் தாமாகவே எரியத் தொடங்குகின்றன. பார்க்கிங் விளக்கும் மீட்டர் விளக்கும் அப்போது அணைவதில்லை. இது தவிர, இடப்பக்க முகப்பு விளக்கு எப்போதுமே மஞ்சளாக மங்கித்தான் எரிகிறது. இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டால் பின்னால் உள்ள பார்க்கிங் விளக்கும் அதனுடன் சேர்ந்து மினுக்குகிறது.

ஆடி மாதத்தில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தேன். அதன் பிறகு வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55) பல்புகளைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்புகளைப் போட்டேன். எலக்ட்ரீஷியன் ஒருவர் ஹெட்லைட் ஸ்விட்சைப் புதிதாக மாற்றினார்; மூன்று நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடியும் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இப்போது வயரிங் முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். சென்ற வாரம் ஒரு வளைவில் எதிரே லாரி வரும்போது விளக்குகள் அணைந்தன. பக்கத்து இருக்கையில் என் மகன் இருந்தான். அன்று முதல் இருட்டில் வண்டியை எடுக்கவே அச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (தக்கலையிலிருந்து)

வணக்கம் ஐயா. குறை சரியாகும் வரை இருட்டில் வண்டியை எடுக்காதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். வயரிங் முழுவதையும் பிரிக்கவும் இப்போதே சம்மதிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்து கிடக்கின்றன. இடப்பக்கம் மங்குவதும் பின்விளக்கு மினுக்குவதும் ஒரு வகை; இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து அணைவது வேறு வகை. முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. ஜீப்பின் பாடி சேசிஸின்மேல் (அடிச்சட்டத்தின்மேல்) ரப்பர் பேக்கிங் வைத்து உட்கார்ந்திருப்பதால், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு மின்சாரம் திரும்பி வரும் வழி சில போல்ட்டுகளையும் பட்டைகளையும் நம்பித்தான் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது அந்த எர்த் போல்ட்டுகளின் அடியிலும் விளக்குக் கிண்ணம் உட்காரும் இடத்திலும் பெயின்ட் படிந்துவிட்டால், திரும்பும் வழி பாதி அடைபட்டுவிடும். அப்போது மின்சாரம் பக்கத்தில் உள்ள வேறொரு பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். உங்கள் பார்க்கிங் விளக்கு இண்டிகேட்டருடன் சேர்ந்து மினுக்குவது அதனால்தான்.

இதை ஒரு சாதாரண மல்டிமீட்டரால் உறுதி செய்யலாம். மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, முகப்பு விளக்கை எரியவிட்டு, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொரு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால், பத்து இழையில் ஒன்பது அறுந்த வயர்கூட முழு 12 வோல்ட்டையும் காட்டும். அந்த அளவைப் பார்த்து "வயரிங் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிய வண்டிகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றாக அணைவதால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் இருக்க வேண்டும். அதாவது பியூஸ் முனை, ஸ்விட்ச், டிப்பர் (பிரைட்டையும் டிம்மையும் மாற்றும் ஸ்விட்ச்), அவற்றை இணைக்கும் வயர். இங்கே ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேவை: குழியில் இறங்கும்போது அணைகிறதா, அல்லது சமமான சாலையில் சிறிது நேரம் பிரைட்டில் ஓடிய பிறகு அணைகிறதா? முன்னது என்றால் லூஸ் காண்டாக்ட். பின்னது என்றால் சூடு.

எனக்குச் சூட்டின்மேல்தான் ஐயம். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் இரண்டு என்றால் 16 ஆம்பியருக்கும் மேல். உங்கள் வண்டியில் ரிலே (சிறிய மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் தானே தாங்கும் தனி ஸ்விட்ச்) இல்லையென்றால் அத்தனை மின்சாரமும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவே போகிறது. சில பழைய ஸ்விட்சுகளுக்குள்ளேயே, சூடேறினால் வளைந்து இணைப்பைத் துண்டித்து, ஆறியதும் மறுபடி இணைக்கும் இரட்டை உலோகப் பட்டை ஒன்று உண்டு. சில நொடிகளில் தானாக எரிவது அதோடு பொருந்துகிறது.

ஓர் எச்சரிக்கை. எர்த்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு 100 வாட் பல்புகளை அப்படியே விட்டுவிட்டால், தடை நீங்கியதால் மின்னோட்டம் இன்னும் கூடி, விளக்குகள் முன்பைவிட அடிக்கடி அணையும்.

பதில் (முட்டத்திலிருந்து)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நம் காற்றில் உள்ள உப்பு, வயரின் முனை வழியாக உறைக்குள் ஏறி, செம்பு இழைகளைப் பச்சைக் களிம்பாக்கிவிடும். வெளியே பார்த்தால் வயர் புதிதுபோல் இருக்கும். முனையில் ஓர் அங்குலம் சீவிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே கறுத்திருந்தால், செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு இணையுங்கள்.

உங்கள் ஜீப்பில் டிப்பர் காலால் மிதிக்கும் வகையா? அப்படியானால் அதையும் கழற்றிப் பாருங்கள். மழையில் நனைந்த செருப்போடு ஏறும் தண்ணீரும் மணலும் நேராக அதன்மேல்தான் இறங்கும். என் வண்டியில் அதற்குள் கிடந்த மணலை ஊதி வெளியேற்றியதிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது.

பதில் (கேட்டவர்)

இரண்டு ஐயாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்காகவே செலவிட்டேன்.

விளக்கை எரியவிட்டு அளந்தபோது, இடப்பக்க எர்த்தில் 2.3 வோல்ட், வலப்பக்கத்தில் 0.2 வோல்ட். இடப்பக்கப் போல்ட்டைக் கழற்றியபோது வாஷருக்கு அடியில் பெயின்ட் தடிமனாகப் படிந்திருந்தது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினேன், அளவு 0.1க்கு இறங்கியது. பின்விளக்கின் எர்த்தையும் அவ்வாறே செய்ததும் மினுக்கல் நின்றுவிட்டது.

டிப்பர் காலால் மிதிக்கும் வகைதான். அதன் முனைகளில் களிம்பு இருந்தது, சுத்தம் செய்துவிட்டேன். ஆனால் தக்கலை ஐயா எச்சரித்தது அப்படியே நடந்தது. வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியபடியே பிரைட்டில் எரியவிட்டதில், பன்னிரண்டாவது நிமிடத்தில் இரண்டும் அணைந்தன. ஸ்விட்சின் பின்புறத்தைத் தொட முடியாத அளவு சூடு. பழைய 60/55 பல்புகளைத் திரும்பப் போட்டபோது அரை மணி நேரம் எரிந்தும் அணையவில்லை. வியப்பு என்னவென்றால், இப்போது அந்தப் பல்புகளின் வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது. இனி ரிலே தேவையா?

பதில் (தக்கலையிலிருந்து)

மிக்க மகிழ்ச்சி ஐயா. ரிலே போடுவதே நல்லது, ஏனெனில் அந்த ஸ்விட்ச் ஏற்கெனவே வெந்திருக்கிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் போதும். டிப்பரிலிருந்து வரும் பழைய வயரை, ரிலேயில் எண்ணிட்டிருக்கும் முனைகளில் 86ஆம் முனைக்கும், எர்த்தை 85க்கும், பேட்டரியிலிருந்து நேராக வரும் புது வயரை 30க்கும், விளக்குகளுக்குப் போவதை 87க்கும் கொடுங்கள். புது வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஒவ்வொரு ரிலேக்கும் தனித்தனி 15 ஆம்பியர் பியூஸை, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே வையுங்கள்; பியூஸ் தள்ளியிருந்தால் இடையில் வயர் உரசிச் சேசிஸில் பட்டுத் தீப்பிடிப்பதை அதனால் தடுக்க முடியாது. ரிலேயின் முனைகள் கீழே பார்த்திருக்கும்படி பொருத்தினால் தண்ணீர் உள்ளே தேங்காது.

வேலை முடிந்ததும் என்ஜினைச் சற்று வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பல்புகள் மாதம் ஒன்றாகப் போகும்.

பதில் (கேட்டவர்)

ரிலேக்களைச் சொன்னபடியே இன்று மாலை பொருத்தினோம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், வலது, இடது இரண்டு ஹோல்டர்களிலும் விளக்கு எரியும்போது 13.6. இரவு திங்கள்நகர் வரை போய் வந்தோம், ஒருமுறைகூட அணையவில்லை. நாளை விடியற்காலை தோட்டத்துக்குப் புறப்படுகிறோம்; மகனும் வருகிறான்.