முட்டையிடும் காலத்தில் கடற்கரைச் சரணாலயத்தை மூடத்தான் வேண்டுமா?

உப்புக்காற்று:
மூன்று மாதம் திட்டம் போட்டு ஒரு கடற்கரைச் சரணாலயத்துக்குப் போனேன். மணல்திட்டுப் பக்கம் கயிறு கட்டி, "இனப்பெருக்கக் காலம், அனுமதி இல்லை" என்று பலகை வைத்திருந்தார்கள். நாலு பேர் ஓரமாக நடந்துபோனால் பறவைக்கு என்ன ஆகிவிடும்? பார்க்கவே விடாவிட்டால் சரணாலயம் எதற்கு?

மணல்நண்டு:
ஓரமாக நடப்பதுதான் சிக்கலே. உப்புக்கொத்தி, ஆலா போன்ற கரையோரப் பறவைகள் குச்சி வைத்துக் கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சின்னக் குழி, அதிலேயே முட்டை. நிறமும் புள்ளியும் மணலோடு அப்படிக் கலந்திருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். மிதிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்களைக் கண்டு எழுந்த தாய், நீங்கள் கேமராவோடு அங்கேயே நிற்கும்வரை திரும்பாது. உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடும். சில உப்புக்கொத்திகள் இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து நம்மை வேறு பக்கம் இழுத்துப் போகும். அதைப் படம் பிடித்து "அழகு" என்று போடுகிறவர்களை என்ன சொல்வது!

உப்புக்காற்று:
சரி, கால் வைக்கவில்லை. டிரோன் பறக்க விடலாமே? அது யாரையும் மிதிக்காது.

மணல்நண்டு:
கலிபோர்னியாவின் போல்சா சிக்காவில் 2021 மே மாதம் நடந்ததைத் தேடிப் பாருங்கள். தடையை மீறிப் பறந்த டிரோன் ஒன்று ஆலாக்கள் முட்டையிட்டிருந்த திட்டில் விழுந்தது. கூட்டமே மிரண்டு கிளம்பிப் போய்விட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் அப்படியே கிடந்து வீணாயின.

கழிமுகவாசி:
இடையில் ஒன்று. இங்கிலாந்தின் மின்ஸ்மியரில் இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி கரையிறங்காதிருக்கக் கடலோர நிலத்தில் நீரைத் தேக்கினார்கள். ஆள் நடமாட்டம் நின்றது. பிரிட்டனில் நூறாண்டாக ஏறக்குறைய அற்றுப்போயிருந்த கோணமூக்கு உள்ளான் என்ற நீர்ப்பறவை 1947இல் அங்கே திரும்பி வந்து முட்டையிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

உப்புக்காற்று:
அதே மின்ஸ்மியருக்கு இன்று கூட்டம் போகிறதே! பறவை பார்க்கவென்றே கட்டிய மறைவிடத்துக்குள் உட்கார்ந்து பலகைச் சந்து வழியாகப் பார்க்கிறார்கள். நடுவில் ஆள் நின்றால்தான் பறவை மிரளும், மறைவிடத்தைக் கண்டுகொள்ளாது. அந்த இடத்தை நடத்தும் பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அப்படிப் பார்த்து மயங்கியவர்களோ. கயிறு கட்டுவது சுலபம். மறைவிடம் கட்டத்தான் காசும் மனசும் வேண்டும்.

மணல்நண்டு:
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மறைவிடம் வரட்டும், கயிறும் இருக்கட்டும். ஆனால் வலசைக் காலத்தில் கயிறு இருக்காது, அப்போதும் ஓடி விரட்டக்கூடாது. கடல் ஏறும்போது சேறு மூழ்கிவிடும். இரை தேட வழியில்லாமல் பறவைகள் திட்டில் ஒடுங்கி ஓய்வெடுக்கும். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற வலசைப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்தது, 11 நாள். வயது ஐந்தே மாதம். அப்படி வந்து இறங்கியதைப் படத்துக்காகக் கிளப்பிவிட்டால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பும் வீண்.

உப்புக்காற்று:
சரி, கிளப்பமாட்டேன். ஆனால் அந்தப் பலகையில் எந்தத் தேதிவரை மூடியிருக்கும் என்றாவது எழுதியிருக்கலாம். அதுகூட இல்லை.