புதுப்பிப்பு: உஏதா – பெஸ்ஷோ வெந்நீரூற்று ரயில், பாலம் பற்றிய கேள்விக்கு

போன இழையில், ஜப்பானின் பெஸ்ஷோ ரயில் வழித்தடத்தில் இன்னும் மாற்றுப் பேருந்துதானா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. 2019 அக்டோபர் புயல் வெள்ளத்தில் சிகுமா ஆற்றின் இடது கரை அரித்துப்போய், இந்த ரயில் கடக்கும், 1924-இல் கட்டிய சிவப்பு இரும்புப் பாலத்தின் கரையோரப் பகுதி ஒன்று ஆற்றில் சரிந்தது. தூண் பலவீனத்தைவிட, கரை மண் போனதுதான் காரணம். 2021 மார்ச் 28 முதல் 11.6 கி.மீ. முழுவதும் ரயில் ஓடுகிறது.

நாகானோ மாநிலத்தின் உஏதாவுக்கு டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அந்தத் தடத்தில் ககயாகி என்ற ரயிலில் ஏறிவிடாதீர்கள், அது உஏதாவில் நிற்காது, அசாமா என்ற ரயில் சரி. அங்கிருந்து பெஸ்ஷோவுக்கு அரை மணி. இது வேறொரு தனியார் நிறுவன ரயில் என்பதால் ஜே.ஆர். ரயில்களுக்கான பயண அட்டை (ஜே.ஆர். பாஸ்) செல்லாது.

இரண்டு பெட்டி, ஓட்டுநர் மட்டும், நடத்துநர் கிடையாது. ஆளில்லா நிலையங்களில் முதல் பெட்டியின் பின்கதவில் ஏறி, சீட்டெடுத்து, முன்கதவில் ஓட்டுநர் அருகே உள்ள கட்டண உண்டியலில் காசு போட்டு இறங்க வேண்டும். பின் பெட்டியில் உட்கார்ந்தால் கடைசி நேரத்தில் ஓட வேண்டியிருக்கும். பத்தாயிரம் யென் தாளை நம்பிப் போகாதீர்கள், சில்லறை அவசியம்.

ஊர்ப் பொதுக் குளியலறைகளுக்குத் துண்டு, சோப்பு நீங்களே கொண்டு போங்கள். கந்தக நீர், வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றிவிட்டு இறங்குங்கள்.