புதுப்பிப்பு: வேலூரிலிருந்து அந்தமான், போய்வந்துவிட்டோம்

டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தமான் போகலாமா, கடல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

காட்பாடியில் ரயில், சென்னையில் விமானம். இதில் சொல்ல ஒன்றுமில்லை. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது ஸ்வராஜ் தீவு) போகும் படகில் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். குமட்டல் எனக்குத்தான்!

யாரும் சொல்லாத விஷயம், சூரியன். அங்கும் நம் கடிகார நேரம்தான். ஆனால் வேலூரைவிட ஏறக்குறைய 14 பாகை கிழக்கே இருப்பதால், டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மேற்கு பார்த்தது. அஸ்தமனம் பார்க்க மூன்றரைக்கே அங்கே இருங்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுப் போகலாம் என்று நினைத்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

அந்தத் தீவின் கிழக்குக் கரையில் தங்குபவர்கள் ஓத நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் வடிந்தால் நம் பாலாறுபோல மணலும் பாறையும்தான், குளிக்க வழியில்லை.

பவளத் துண்டுகளைப் பொறுக்காதீர்கள். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். அம்மா கொலுவுக்கென்று ஒளித்துவைத்திருந்ததைக் கரையிலேயே போடவைத்தேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.