எஸ்டேட் சேல் போயி ஏமாந்த கதை இருந்தா இங்க கொட்டுங்க

தோசைக்கல்_தேடி:

வெள்ளிக்கிழமை லீவ் போட்டுட்டு போனேங்க, அந்த எரிச்சல் இன்னும் அடங்கல, அதான் இந்த த்ரெட். அமெரிக்காவுக்கு புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை, எஸ்டேட் சேல்னா வால்பாறையில டீ எஸ்டேட் விக்கிறது இல்ல (எங்கம்மா போன்ல அப்படித்தான் நெனச்சு, ஏன்டா அவ்ளோ பணம் ஏது உனக்குன்னு பதறிட்டாங்க). வீட்டுப் பெரியவங்க தவறிட்டாலோ முதியோர் இல்லத்துக்கு மாறிட்டாலோ உள்ள இருக்கிற மொத்த சாமானையும், கரண்டிலேருந்து கட்டில் வரைக்கும், அந்த வீட்டுக்குள்ளயே வெச்சு ரெண்டு மூணு நாள்ல வித்துத் தள்ளிடுவாங்க. நடத்துறது பெரும்பாலும் ஒரு கம்பெனி, வித்த காசுல மூணுல ஒரு பங்குலேருந்து பாதி வரைக்கும் கூட கமிஷன் எடுப்பாங்க. மொத நாள் போட்ட விலை, அப்புறம் கொறைச்சுக்கிட்டே வந்து கடைசி நாள் பாதி விலை.

நான் நியூஜெர்சி. லிஸ்டிங்ல நூத்துக்கு மேல போட்டோ, அதுல ஒண்ணுல அடுப்பு ஓரமா வட்டமா தட்டையா ஒரு காஸ்ட் அயர்ன் கல்லு, இன்னொரு போட்டோல அதைக் கவுத்து வெச்சிருக்காங்க, வட்டத்துக்குள்ள சிலுவை, கிரிஸ்வோல்ட், ஈரி பென்சில்வேனியா! காஸ்ட் அயர்ன் சட்டி, கல்லுக்கெல்லாம் பேர் போன பழைய கம்பெனி. அவங்க ஈரியில வார்ப்பு ஊத்துறதை 1957லயே நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்துக் கல்லு மேல்பக்கம் மெழுகுன மாதிரி வழவழன்னு இருக்கும், இப்ப கடையில சல்லிசா கெடைக்கிறது சொரசொரன்னு இருக்கும், அதுல மொத பத்து தோசை நாய்க்குத்தான். ரெண்டு வருஷமா தேடுறேன், விட்ருவேனா.

9 மணிக்கு கதவு தொறப்பாங்கன்னு 6:30க்கே போயி நின்னா என் நம்பர் 41. அஞ்சு மணிக்கே ஒரு ஆளு வந்து தாள்ல பேர் எழுதி நம்பர் கிழிச்சுக் குடுத்துட்டு கார்ல குறட்டை விட்டுட்டு இருக்கார், முன்னாடி நிக்கிறதுல பாதி பழைய சாமானை வாங்கி விக்கிற டீலருங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியும், காபி வாங்கிக் குடுத்துக்கிறாங்க. ஒரு தடவைக்கு 20 பேரைத்தான் உள்ள விட்டாங்க. நான் உள்ள போறப்ப மணி 10 ஆகப் போகுது, நேரா கிச்சனுக்கு ஓடுனா அடுப்பு மேல ஒண்ணுமில்ல. எவனோ டீலர் முந்திட்டான்னு நெனச்சேன். கல்லாவுல இருந்த அம்மாகிட்ட கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, அது வீட்டுக்காரங்க பொண்ணு புதன்கிழமையே எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். சரிம்மா அவங்க வீட்டுப் பொருள் அவங்க எடுத்துக்கட்டும், தப்பே இல்ல, ஆனா வியாழக்கிழமை ராத்திரி நான் பார்க்கும்போதும் போட்டோ அப்படியே தொங்குச்சே?

வெறுங்கையோட வரக்கூடாதுன்னு 35 டாலருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினேன். ஓடல. வித்த பொருள் வித்ததுதான்னு வாசல்லயே ஒட்டியிருக்காங்க, யார்கிட்ட போயி கேக்கறது.

மிச்சிகன்_மாமி:

தம்பி, கல்லு கெடைக்கலன்னு வருத்தப்படாதீங்க, கெடைச்ச என் கதைய கேளுங்க. கடைசி நாள் பேஸ்மென்ட்ல ஒரு இருப்புச் சட்டி 12 டாலர். எங்க வீட்டுக்காரர் காரை விட்டே எறங்கல, பழைய குப்பைய தூக்கிட்டு வராதன்னு மட்டும் சொன்னார். ரெண்டு நாள் தேய்ச்சு துருவெல்லாம் எடுத்து எண்ணெய் தடவி பழக்கலாம்னு பார்த்தா உள்பக்கம் ஒரு ஓரமா சாம்பல் கலர்ல பளபளன்னு ஏதோ படிஞ்சிருக்கு. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா பார்த்ததும் கேட்டார், அந்த வீட்டு ஆளு மீன் பிடிப்பாரான்னு. இங்கெல்லாம் தூண்டில் குண்டுக்கும் துப்பாக்கி ரவைக்கும் பழைய சட்டியிலதான் ஈயத்த உருக்கி ஊத்துவாங்களாம்! ஈயம்னா நம்ம ரசத்துக்கு வைக்கிற ஈயச்சொம்பு இல்ல, அது வெள்ளீயம், இது காரீயம், விஷம். ஹார்டுவேர் கடையில விக்கிற டெஸ்ட் குச்சிய வெச்சு தேய்ச்சேன், செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அதுல செடி வைக்கக்கூட மனசு வரல. சேல் நடந்த அந்த பேஸ்மென்ட் சுவர்ல வரிசையா தூண்டில் மாட்டியிருந்துச்சு, பார்த்துட்டுதான் வந்தேன், எனக்குத்தான் உறைக்கல. வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுறார்.

குளிர்ல_கோவைக்காரன்:

லெதர் சோபா. 200 டாலர். வெள்ளிக்கிழமை நல்லா ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சு விக்கிறாங்க, ஏன்னு அப்ப புரியல. வீட்டுக்கு கொண்டுவந்து ஹீட்டர் போட்டதும் முப்பது வருஷ சிகரெட் மொத்தமும் வெளிய வந்துச்சு. கொண்டுவர்றதுக்கு வேன் வாடகை தனி, தூக்க ஆளும் நாமதான் கூட்டிட்டு போகணும், இப்ப தூக்கிப் போடறதுக்கும் காசு.

எடிசன்_சித்ரா:

எனக்கு நடந்தது ஏமாத்துன்னு சொல்ல முடியாது, ஆனாலும் சொல்றேன். போன வருஷம் ஒரு சேல், போட்டோல எவர்சில்வர் அடுக்கு, சம்படம், ஒரு டேபிள் டாப் கிரைண்டர். நம்ம ஆளுங்க வீடு. கிரைண்டர் மேல அலங்காரக் கல் இயந்திரம்னு சீட்டு, 15 டாலர். முறுக்கு அச்சுக்கு பாஸ்தா பிழியறதுன்னு சீட்டு. நானும் என் ஃப்ரெண்டும் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு. அப்புறம் கிரைண்டர் மூடிய தொறந்தா உள்ள கல்லு இல்ல. உருளைக்கல் ரெண்டையும் காணோம். கேட்டா சேல்ல நின்ன பையன் யோசிச்சுட்டு சொல்றான், கராஜ்ல தோட்டத்து சாமானோட ரெண்டு உருண்டை கல்லு இருந்துச்சு, காலையிலேயே 5 டாலருக்கு போயிடுச்சேன்னு. கல்லு இல்லாத கிரைண்டர வெச்சு நான் என்ன பண்றது.

சம்படத்தை எடுத்துப் பார்த்தேன், மூடியில பேர் வெட்டியிருக்கு, அன்பளிப்புன்னு, 1974ன்னு. எல்லா பாத்திரத்துலயும் வேற வேற பேரு, யார் யாரோ மொய் வெச்சது. கல்யாணத்துக்கு வந்ததுல பாதிய கடல் தாண்டி தூக்கிட்டு வந்திருக்காங்க போல. ஒண்ணு 3 டாலர்தான். கையில வெச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன், எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன். முறுக்கு அச்சு மட்டும் வாங்கினேன், அதுலயும் தேன்குழல் வில்லை ஒண்ணுதான் இருக்கு.

தோசைக்கல்_தேடி:

அக்கா அந்த ரெண்டு கல்ல வாங்குன ஆளு யாருன்னு கேட்டீங்களா? திரும்ப வாங்கியிருக்கலாமே.

எடிசன்_சித்ரா:

கேக்காம இருப்பேனா. கேஷா குடுத்துட்டு போயிட்டாராம், கூட ஒரு பூந்தொட்டியும் வாங்கினாராம், அவ்ளோதான் தெரியும்னுட்டான்.