ஜூலையில் மொரீஷியஸ்: எந்தப் பக்கத்துக் கடற்கரையில் தங்குவது?

மாட்டுங்காவாசி:
வணக்கம். ஜூலை கடைசி வாரம் குடும்பத்தோடு மொரீஷியஸ் போகிறோம். மும்பையிலிருந்து நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விடுதிதான் இழுபறி. பயண முகவர் கிழக்கில் பெல் மார் பக்கம் ஓர் இடத்தைச் சொல்கிறார், வாடகையும் குறைவாகத்தான் இருக்கிறது. “தீவைச் சுற்றிலும் கடற்கரைதானே சார், எங்கே தங்கினாலும் ஒன்றுதான்” என்கிறார். அப்பாவுக்கு 73 வயது, முழங்கால் வலி உண்டு. ஆனாலும் கடலில் இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம். மகளுக்கு எட்டு வயது, நீச்சல் அரைகுறை. எங்களுக்குத் தெரிந்த கடற்கரை ஜூஹுவும் கிர்காவ் சௌபாட்டியும்தான். போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முலுண்ட் கிழவன்:
எங்கே தங்கினாலும் ஒன்றுதான் என்று சொன்னவர் அந்தத் தீவின் படத்தைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார். கப்பல் கம்பெனி வேலையாகச் சில வருடங்கள் தலைநகர் போர்ட் லூயிஸில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள் தம்பி.

பரப்பளவில் அது நம் மும்பையைப் போல மூன்று மடங்குதான். ஆனால் ஒரே நாளில் ஒரு கரையில் சட்டை படபடக்கும், எதிர்க்கரையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். அங்கே அது குளிர்காலம். அந்தக் காற்றை நேராக வாங்குவது கிழக்கும் தெற்கும். நடுவில் இருக்கும் மேட்டு நிலமும் மலைகளும் தடுப்பதால் மேற்கும் வடமேற்கும் தப்பித்துக்கொள்கின்றன. ஆகவே கடற்கரையின் பெயரைக் கேட்பதற்கு முன் மாதத்தைக் கேட்க வேண்டும். உங்களுக்கு ஜூலை. பதில் மேற்கு, அல்லது வடமேற்கு.

இன்னொன்றும் உண்டு. தீவை ஏறக்குறைய முழுவதுமாகப் பவளத்திட்டு சுற்றி வளைத்திருக்கிறது. பெரிய அலையெல்லாம் தொலைவில் அதன்மேல் மோதி உடைந்துவிடும், உள்ளே ஆழமில்லாத நீர்தான். கடல் ஏறி இறங்குவதும் அரை மீட்டர் அளவே. இங்கே ஜூலையில் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்துக்கொண்டிருக்கும்போது, அங்கே உங்கள் அப்பா முழங்கால் தண்ணீரில் நிம்மதியாக நிற்கலாம். அவருக்கு ட்ரூ ஓ பிஷ் சரியாக இருக்கும். வடமேற்கில் இருக்கிறது, மணல் மெல்லச் சரிந்து இறங்கும். அடுத்தாற்போல் மோன் ஷுவாசி, சவுக்குமர நிழல் நீளத்துக்கும் உண்டு.

மேற்கில் ஃபிளிக் அன் ஃபிளாக் நீளமான கரை. கடைகளும் சாப்பாட்டு இடங்களும் பக்கத்திலேயே இருக்கும். அதற்குத் தெற்கே டமரின் வேறு ரகம். ஆற்று நீர் கலக்கும் இடத்தில் பவளம் வளராது, அதனால் திட்டில் இடைவெளி விழுந்து அலை உள்ளே வருகிறது. பலகை வைத்து அலை ஏறுகிறவர்கள் அங்கேதான் போவார்கள். மகளை அங்கே இறக்காதீர்கள்.

தென்கோடியில் க்ரி க்ரி என்ற இடம். அங்கே திட்டே இல்லை. கருங்கல் பாறையில் கடல் நேராக வந்து அறையும். ஊரிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான், ஆனால் மேலே நின்று பார்ப்பதற்கு மட்டும்.

செம்பூர் மருமகள்:
ஐயா சொன்னது சரி. நாங்கள் மாமனாரோடு போனோம், அவருக்கும் முழங்கால் தொந்தரவு. ஆளுக்கொரு ரப்பர் காலணி, தண்ணீரில் போட்டுக்கொள்ளும் வகை, தாதரிலேயே வாங்கிவிடுங்கள். உடைந்த பவளம் காலைக் கிழிக்கும். கடல் முள்ளெலிகளும் கல்மீனும் இருக்கின்றன. கல்மீன் பாறைபோலவே கிடக்கும், அதன் முதுகு முள்ளில் விஷம்.

விடுதி கடலை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று கூடுதலாகச் செலவழிக்காதீர்கள். அங்கே கடற்கரை சட்டப்படி எல்லாருக்கும் பொது. பெரிய விடுதிக்கு முன்னால் இருக்கும் மணலிலும் நீங்கள் தாராளமாக நடக்கலாம். எங்களை ஓர் இடத்தில் காவலாளி விரட்டப் பார்த்தார். மாமனார் மராத்தியில் பிடித்த பிடியில், ஒரு சொல் புரியாமலே அந்த மனிதர் வழிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் சமையல் பாத்திரத்தோடு சவுக்குத் தோப்புக்கு வந்துவிடுவார்கள். பாட்டும் ஆட்டமும் நன்றாக இருக்கும், கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்காது. சைவமாக இருந்தால் தோல் பூரி கைகொடுக்கும். இனிப்பில்லாத பருப்புப் போளி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோரேகாவ் காற்றாடி:
கிழக்கை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பெல் மார் மணல் போல மிருதுவான மணலை நான் தீவில் வேறெங்கும் மிதித்ததில்லை. சூரியன் கடலிலிருந்து எழுவதை அறையிலிருந்தே பார்க்கலாம். காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், பிற்பகலில்தான் வேகமெடுக்கும். காற்று வேண்டும் என்றே ஜூலையில் போகிற என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் மலையடியில் பட்டம் கட்டிக் கடல்மேல் சறுக்குவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

மாட்டுங்காவாசி:
அனைவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள். 2020இல் எண்ணெய்க் கப்பல் உடைந்ததே, அந்தப் பக்கம் இப்போது போகலாமா? கடலில் இறங்காத நேரத்தில் அப்பாவை எங்கே அழைத்துப்போவது?

முலுண்ட் கிழவன்:
எண்ணெய்க் கப்பல் இல்லை தம்பி. வகாஷியோ என்ற அந்தக் கப்பல் தாது, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் சரக்குக் கப்பல், அதுவும் சரக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2020 ஜூலை 25 அன்று தென்கிழக்கில் புவான்ட் தெஸ்னி அருகே திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்டில் அதன் சொந்த எரிபொருள்தான் கசிந்தது, சுமார் 1,000 டன். ஊர் மக்கள் காய்ந்த கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து மிதவைத் தடுப்பு கட்டினார்கள். துறைமுகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்த்த எங்களுக்கு அந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம். பக்கத்திலேயே இருக்கும் புளூ பே கடல் பூங்காவுக்குத் தாராளமாகப் போகலாம். கண்ணாடி அடித்தளப் படகில் அப்பாவை உட்காரவைத்தால் முழங்கால் நனையாமலே பவளத்தைப் பார்த்துவிடுவார். விமான நிலையத்துக்கு அருகில் என்பதால் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளலாம்.

போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறது, கைலாசம் என்று கேட்டால் சொல்வார்கள். ட்ரூ ஓ பிஷ்ஷிலிருந்து காரில் சிறிது நேரம்தான். வழியில் ரூபாய் நோட்டை எடுத்து அப்பாவிடம் கொடுங்கள், அதில் தமிழும் அச்சாகியிருக்கும்.

காற்றாடித் தம்பி சொன்னதில் காலைக் கணக்கு சரி. ஆனால் அவருக்கு எட்டு வயது மகளும் இல்லை, பிடிவாதக்கார அப்பாவும் கூட வரவில்லை. பெல் மாரை ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு வடக்கே திரும்பிவிடுங்கள். முகவரிடம் விடுதியை மாற்றச் சொல்லும்போது தரைத்தள அறையாகக் கேளுங்கள். ஜூலையில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்பாவுக்கு ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வையுங்கள்.