மறு: ஓக் காட்டில் திட்டமிட்டு மூட்டும் தீ - 'அளவுத்தீ' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

காட்டைக் காக்கவே திட்டமிட்டு மூட்டும் தீக்கு நம் சொல்லடைவில் சேர்க்க ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு இங்கே ஐயா ஒருவர் பரிந்துரைத்த "கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு" எனக்கு உறுத்துகிறது. கோடையில் வேலூர்ப் பக்கம் நாளிதழைத் திறந்தால் "ஜவ்வாது மலையில் தீ கட்டுப்படுத்தப்பட்டது" என்று வரும். படிப்பவருக்கு அது தீ அடங்கிய செய்தி. இங்கோ தீயை மூட்டுவதே நாம்தான்.

"எரியூட்டல்" என்றால் சுடுகாடு நினைவுக்கு வருகிறது. "தீவைப்பு" குற்றச் செய்திக்கான சொல். அம்மா ஒருவர் எழுதிய "புனம் சுடுதல்" மனதுக்கு மிக நெருக்கமானது. ஆனால் புனம் சுடுவது காட்டை அழித்துத் தினை விதைக்க. இது காட்டைக் காடாகவே வைத்திருக்க.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நடப்பதைப் பாருங்கள். வளர்ந்த ஓக் மரத்துக்குப் பட்டை தடிமன். அதன் கன்று மேலே கருகினாலும் வேரடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதே காட்டில் வளரும் மேப்பிள் மரத்துக்குப் பட்டை மெல்லியது, கன்று பொசுங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டில் தீ எங்கே பிடித்தாலும் அணைத்துக்கொண்டே வந்ததில் மேப்பிள் அடர்ந்து நிழல் கட்டியது. வெயில் கேட்கும் ஓக் கன்றுகள் அடியில் தேறவில்லை. அதனால்தான் இப்போது காற்றின் வேகம், திசை, ஈரப்பதம், சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று எல்லாம் பார்த்து, தீ தாண்டாதபடி சுற்றிலும் தடுப்புக் கோடு எடுத்து, சருகும் புல்லும் மட்டும் எரியும்படி தாழ்வாகத் தீ மூட்டுகிறார்கள். காற்று சரியில்லை என்றால் அன்றைக்கு வேலை நின்றுவிடும்.

ஆக, இதன் உயிர் அளவில் இருக்கிறது. பால் காய்ச்சும்போது "தீயை அளவா வை" என்று வீட்டில் சொல்கிறோமே, அதே அளவு. எனவே "அளவுத்தீ". காட்டுத்தீக்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே புரிகிறது. வினைக்கு அடுப்புச் சொல்லான "மூட்டு" போதும்: "வசந்தத்தில் அளவுத்தீ மூட்டினார்கள்."

சொல்லடைவில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். ஜவ்வாது மலையின் சந்தனம் ஓக் போலத் தீயைத் தாங்காது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். நல்ல பெயர் கிடைத்துவிட்டதே என்று யாரும் தீக்குச்சியோடு மலையேறிவிடக் கூடாது.

அப்புறம், மரத்தின் உச்சிக்கு ஏறாமல் தரையோடு ஓடும் தீக்கும் சொல் தேவை. "தரைத்தீ" என்று எழுதிவருகிறேன். "சருகுத்தீ" பொருந்துமா? புல்லும் எரிவதால் எனக்குத் தயக்கம். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.